ஆர்வமின்மை என்று நான் எழுதிய ஒன்பது பேர்

அவைக்குத் தலைமை ஏற்று, அடுக்கடுக்கான புகழுரைகளின் பாரத்தைப் புன்னகையோடு சுமந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே. பரிசு பெற்ற பெருமிதத்தில் பொலிந்து வீற்றிருக்கும் எங்கள் துறைத் தலைவர் அவர்களே. தொலைதூரம் கடந்து வந்து, தொய்வின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே. அளந்து பேசும் அறிஞர்களே. பேசாமல் அளக்கும் ஆய்வாளர்களே. நோயாளிகளின் தோளைத் தாங்கித் தாங்கித் தம் தோள் இறங்கிப்போன என் சக பிசியோதெரபிஸ்டுகளே. ஓய்வறியாச் செவிலிச் சகோதரிகளே. கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே. தாயைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே. ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே. இந்த விழாவுக்கு அழைப்பு அனுப்பப்படாத அந்த ஒன்பது பேரே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். ஐயா, பின்னால் தேட வேண்டாம். அந்த ஒன்பது பேரும் இங்கே இல்லை. அவர்கள் யார் என்று சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் பணி ஓய்வு பெறுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள், மூத்தவள், ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசட்டும் என்று நிகழ்ச்சி நிரலில் என் பெயரைச் சேர்த்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் எதை வாழ்த்துகிறோம் என்று தெரிந்து வாழ்த்த வேண்டாமா? பரிசு பெற்ற இந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது என்று, பரிசைக் கைதட்டி வரவேற்ற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நிற்பது என்றால் என்ன, பெரியோர்களே? எளிதாகத் தெரிகிறது. ஒருவன் சும்மா நிற்கிறான் என்கிறோம். சும்மா நிற்பதற்கு எத்தனை பாடு என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அசையாமல் நிற்கிறேன் என்று நீங்கள் நினைக்கும்போதும் உங்கள் உடல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கணுக்கால் இழுக்கிறது, இடுப்பு திருத்துகிறது, கண் நிலையைக் காட்டுகிறது, காதுக்குள் இருக்கும் நுண்ணிய கருவி கணக்குச் சொல்கிறது. கையை உயர்த்த வேண்டும் என்று நினைத்தால், கை எழுவதற்கு முன்பே காலின் தசை இறுகிவிடுகிறது. கை தூக்கினால் உடல் சாயும் என்று உடலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. யார் சொல்லிக்கொடுத்தது? விழுந்து விழுந்து, எழுந்து எழுந்து, ஒரு வயதில் நாமே கற்றுக்கொண்டது. அப்படி அரும்பாடுபட்டுக் கற்ற வித்தையை, மூளையில் அடைத்துக்கொள்ளும் கடுகளவு ரத்தக்கட்டி ஒரு காலைப்பொழுதில் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பெயர்தான் பக்கவாதம்.

பறிபோனதை மீட்டுக்கொடுக்க எங்கள் துறைத் தலைவர் ஒரு பலகையை வடிவமைத்தார். அருமையான பலகை. அதில் எனக்கு ஐயமே இல்லை. நோயாளி அதன்மேல் ஏறி நிற்பார். கூரையிலிருந்து தொங்கும் வார், விழாமல் அவரைப் பிடித்துக்கொள்ளும். முன்னறிவிப்பு இல்லாமல் பலகை முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு என்று குலுக்கும். அவர் தடுமாறித் தம்மைத்தாமே நிறுத்திக்கொள்வதைப் பலகையின் அடியில் இருக்கும் கருவிகள் அளந்து, திரையில் ஒரு கோடாக வரையும். மோசமாகத் தடுமாறினால் கோடு எகிறிக் குதிக்கும். தேறத் தேறக் கோடு அடங்கும்.

பக்கவாதத்தில் ஒரு கால் வலுவிழந்த எழுபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். பாதிப்பேருக்கு இந்தப் பலகைப் பயிற்சி. மறுபாதிக்குப் பழைய பயிற்சி. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். பன்னிரண்டு வாரம். பழைய பயிற்சி தரைத்தளத்தில் நடந்தது. பலகை எங்கே இருந்தது தெரியுமா?

மூன்றாவது மாடியில்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன். நேராக நிற்க முடியாதவர்களுக்கான ஆராய்ச்சிக்கூடத்தை மூன்றாவது மாடியில் வைத்த மூளையை அளக்க எந்தக் கருவியும் எங்களிடம் இல்லை. ஆனால் லிஃப்ட் இருந்ததே, அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. மின்தூக்கி என்று அழகாகத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை அது நின்றது. நின்றது, நின்றது, ஐந்து வாரம் நின்றது. அந்த ஐந்து வாரமும் அந்தத் தூக்கி யாரையும் தூக்கவில்லை. 'பழுது. படிகளைப் பயன்படுத்தவும்' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். யாரைப் பார்த்து? ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து.

அந்தத் தாளின் முன்னால் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சுவருக்கு வண்ணம் அடிக்கும் தொழிலாளி. ஐம்பத்திரண்டு வயது. உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று வேலை செய்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தயங்குகிற மேல்தளத்தை இவர்தான் கேட்டு வாங்கிக்கொள்வாராம். அதனால் அவருக்கு 'உச்சிக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் சட்டைக்குள் கை நுழைக்கும்போது இடப்பக்கம் மரத்துப்போய்க் கீழே சாய்ந்தார்.

முதல் நாள் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷம் அந்தரத்துல நின்னேன் டாக்டரம்மா, ஒரு தடவை வழுக்கினதில்ல. தரையில நின்னு சட்டை மாட்டினேன், விழுந்துட்டேன். பசங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு."

அவருடைய மனைவி, சட்டை தைக்கும் தொழிற்கூடத்தில் பொத்தான்துளை போடும் எந்திரத்தில் வேலை செய்கிறவர், பக்கத்தில் நின்று, "கூச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. என்னைப் பிடிச்சுக்கிட்டு நடக்கவும் கூச்சம், பிடிக்காம நடக்கவும் பயம். இதுல நான் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னே தெரியல அக்கா," என்றார்.

முதல் வாரத்தில் துறைத் தலைவர் ஆய்வு மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கை எழுவதற்கு முன் கால் தயாராகிறது என்ற அதே பாடம். மாணவர்கள் விழித்தார்கள். பலகையில் நின்றபடியே உச்சிக்காரர் சொன்னார்: "அதான் சார். பிரஷ்ஷத் தூக்குறதுக்கு முந்தியே காலு பலகைய அழுத்திடும். அழுத்தலைன்னா ஆளு கீழ. புதுசா வர்ற பசங்களுக்கு அதுதான் வராது. கையையே பாப்பானுங்க." துறைத் தலைவர் சிரித்து, "இவரைப் பாடம் எடுக்கச் சொல்லிட்டு நான் போயிடலாம் போலிருக்கே," என்றார். அந்த அன்பு பொய்யில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நான்கு வாரத்தில் உச்சிக்காரர் தேறிய வேகம் எங்களுக்கே வியப்பு. முதல் நாள் வலுவிழந்த காலில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான்காம் வாரம் பதினொரு நொடி நின்றார். ஒரு குறை மட்டும் தீரவில்லை. நடக்கும்போது யாராவது பேச்சுக்கொடுத்தால் நின்றுவிடுவார். நடை முழுக்கவனத்தையும் கேட்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படி நிற்கிறவர்கள் விழக்கூடியவர்கள் என்று எச்சரிக்கையாக இருப்போம். அவர் மனைவியிடம் சொன்னேன்: "நடக்கும்போது பேச்சுக்கொடுக்காதீங்க." அவர் சொன்னார்: "இருபத்தாறு வருஷமா பேசினதுக்குக் காது குடுக்காத மனுஷன், இப்ப நான் வாயத் திறந்தா நின்னு கேக்குறாரு. இப்பப் பேசக்கூடாதாம்."

ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை. லிஃப்ட்டில் அந்தத் தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். உச்சிக்காரர், "மூணு மாடிதானே," என்றாராம். இரண்டு படி ஏறினார். மூன்றாவதில் கால் எழவில்லை. திரும்பிப் படியில் உட்கார்ந்தார். பின்பக்கமாக, கையை ஊன்றி, உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொரு படியாக உடலைத் தூக்கித் தூக்கி ஏறினார். மனைவி ஒரு படி கீழே நின்று அவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நான் சொன்னதை மனத்தில் வைத்து, மூன்று மாடிக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலேயிருந்து இறங்குகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மருத்துவர்கள் போனார்கள், மாணவர்கள் போனார்கள். நானும் ஒரு கோப்பு எடுக்கக் கீழே இறங்கியவள்தான் அவர்களைப் பார்த்தேன். ஓடிப்போய்த் தோள்கொடுத்தேன். மேலே வந்து சேர முக்கால் மணி நேரம்.

மேலே வந்தால்? கால் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஆய்வு மாணவி திரையைப் பார்த்துவிட்டு என் காதில், "மேடம், இன்னிக்கு இவருக்கு எடுத்தா ரீடிங் எல்லாம் கன்னாபின்னான்னு வரும். சராசரியையே கெடுத்துடும்," என்றாள். அவள் சொன்னது சரி. அளவு கெடும். அளவு கெடக்கூடாது என்று மனிதரைத் திருப்பி அனுப்பினோம். ஏறியது போலவே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். நாங்கள் வரச்சொல்லவில்லை, வந்தார். இந்த முறை இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் போனபோது முகமெல்லாம் வியர்வை. "ஒரு அஞ்சு நிமிஷம் டாக்டரம்மா. மேல வந்துடுவேன். அதுக்குள்ள என் நேரத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க," என்றார். ஐந்து நிமிடம் ஆனது, இருபது நிமிடம் ஆனது. மனைவி தொழிற்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். இருவரும் இறங்கிப் போனார்கள்.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். தெரிகிறது ஐயா. ஐந்து நிமிடம் கடந்துவிட்டது. உச்சிக்காரர் இரண்டாவது மாடியில் கேட்ட அந்த ஐந்து நிமிடத்தை நான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். மறுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அன்று நான் துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். உரையாடலை அப்படியே சொல்கிறேன். அவர் இங்கேயே இருக்கிறார், பிசகினால் திருத்தட்டும்.

"சார், லிஃப்ட் சரியாகிற வரைக்கும் இவங்கள கீழ, பழைய பயிற்சி நடக்கிற இடத்துல வச்சுப் பண்ணலாமா? சும்மா இருந்தா காலு திரும்பப் போயிடும்."

"எப்படிம்மா? இவங்க பலகைக் குரூப். கீழ இருக்கிறது வேற குரூப். ரெண்டையும் கலந்தா ஆராய்ச்சியே போச்சு."

"அப்ப பலகையக் கீழ கொண்டுவரலாமா?"

"தரையோட போல்ட் போட்டிருக்கு. கழட்டினா திரும்பச் சரிபார்க்கவே ரெண்டு மாசம் ஆகும்."

"லிஃப்ட்டுக்கு யார்கிட்ட சொல்றது சார்?"

"கட்டடப் பிரிவுக்கு எழுதியிருக்கேன். நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்க."

எழுதினேன். கட்டடப் பிரிவு மின்பிரிவைக் காட்டியது. மின்பிரிவு லிஃப்ட் நிறுவியவர்களைக் காட்டியது. அவர்கள் கட்டடப் பிரிவைக் காட்டினார்கள். நான் எழுதிய கடிதங்கள் நான்கு. உச்சிக்காரரின் மனைவி செய்த தொலைபேசி அழைப்புகளோ அதைவிட அதிகம். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் காலையில், எந்திரத்தின் முன் உட்காருவதற்கு முன்னால் அழைப்பார். "அக்கா, லிஃப்ட் ஓடுதா?" நான், "இல்லம்மா," என்பேன். "சரிக்கா," என்று வைத்துவிடுவார். வேறு ஒன்றும் பேசியதில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். கசப்பை ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு நான் மட்டும் சுவைக்காமல் போவது முறையில்லை.

ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று முறை வராதவரை நீக்கிவிட்டு, அவர் பெயரில் ஒரு படிவம் எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் விலகிய காரணத்துக்கு நான்கே நான்கு கட்டங்கள். மரணம். வேறு நோய். இடமாற்றம். ஆர்வமின்மை. ஐந்தாவது கட்டம் இல்லை. உச்சிக்காரர் செத்துப்போனாரா? இல்லை. வேறு நோய் வந்ததா? இல்லை. வீடு மாறினாரா? இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்கிறீர்கள்? வெகுநேரம் உட்கார்ந்து வேதனைப்பட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். உண்மை அப்படியில்லை, தாய்மார்களே. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று முடிக்க வேண்டிய படிவங்கள் நிறைய இருந்தன. ஆர்வமின்மை என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்திட்டு அடுத்த படிவத்தை எடுத்தேன். அந்த ஐந்து வாரத்தில் அப்படி ஒன்பது பேர். ஒன்பதும் என் கையால்.

பெயரை நீக்கிய பிறகும் அந்த அம்மா அழைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, லிஃப்ட் ஓடுதா?" பெயர் போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இல்லம்மா," என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை, பாருங்கள். லிஃப்ட் ஓடவில்லைதான்.

பத்தாம் வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை காலை லிஃப்ட்டைப் பழுதுபார்க்க இருவர் வந்தார்கள். பகல் உணவுக்கு முன்னால் லிஃப்ட் ஓடியது. ஐந்து வாரப் பழுது, ஒரு காலைப்பொழுது வேலை. மறுநாள் செவ்வாய்.

"அக்கா, லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதும்மா."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, திரும்பி யாரிடமோ, "ஓடுதாம்," என்று சொன்னது கேட்டது. "இதோ கிளம்பிட்டோம் அக்கா. சட்டை மாத்திக்கிட்டு இருக்காரு."

"வர வேண்டாம்மா. மூணு தடவை வரலைன்னா பேரை எடுத்துடணும்னு விதி. எடுத்தாச்சு."

"நாங்க வந்தோமே அக்கா. வந்து திரும்பிப் போனோமே."

"தெரியும்மா."

"என்னன்னு எழுதி எடுத்தீங்க?"

இணைப்பைத் துண்டித்தேன். மூன்று தசாப்தம் நோயாளிகளோடு நயமாகப் பேசிப் பழகிய நான், ஒரு பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன்.

ஆராய்ச்சி முடிந்தது. கட்டுரை வெளியானது. பலகைக் குழுவில் முப்பத்தாறில் மிஞ்சிய இருபத்தேழு பேர் அபாரமாகத் தேறியிருந்தார்கள். தேறாமல் என்ன செய்வார்கள்? ஐந்து வாரம் மூன்று மாடி ஏற முடிந்தவர்கள் அல்லவா அவர்கள்? காலில் வலு மிஞ்சியிருந்தவர்கள், தூக்கிக்கொண்டு போக வாட்டசாட்டமான மகன்கள் இருந்தவர்கள். ஏற முடியாதவர்களைப் படிக்கட்டே வடிகட்டிவிட்டது. வடிகட்டி எடுத்துக்கொண்டதைப் பலகையின் வெற்றி என்று எழுதினோம். தரைத்தளத்தில் பழைய பயிற்சி பெற்ற முப்பத்தாறு பேரில் ஒருவர்கூட விலகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டார்களா? கட்டுரையில் ஒரே ஒரு வரி: 'ஒன்பது பேர் ஆர்வமின்மையால் தாமாகவே விலகினர்.' அதை நம்பி இன்று பதினான்கு மருத்துவமனைகளில் அந்தப் பலகையை நிறுவியிருக்கிறார்கள்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் அழைப்பிதழைக் கொஞ்சம் பாருங்கள். அட்டையில் நீல நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறதே, தொடக்கத்தில் எகிறிக் குதித்து, பிறகு மெல்ல மெல்ல அடங்கி, அழகாக. கலைஞர் வரைந்ததென்று நினைத்தீர்களா? அது உச்சிக்காரரின் கோடு. நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை எடுத்தது. இருப்பவற்றிலேயே அழகான கோடு அதுதான் என்று தேர்ந்தெடுத்தார்களாம். கோடு வேண்டும். கோட்டுக்குரியவர் ஆர்வமில்லாதவர்.

சென்ற ஆண்டு எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு நோயாளிக்கு நடைப்பயிற்சி கொடுக்கப் போனேன். அடுத்த கட்டிலருகே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கட்டிலில் உச்சிக்காரர். குளியலறை வாசலில் விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. எங்கள் பயிற்சி நின்ற பிறகு கால் பழையபடி தளர்ந்துவிட்டதாம். அந்த ஒரு வருடத்தில் அது நான்காவது விழுகையாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க டாக்டரம்மா. ஆராய்ச்சி நல்லா முடிஞ்சுதா?"

அன்று சொன்னேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு கட்டம், டிக், கையெழுத்து, எல்லாம்.

அந்த அம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "ஆர்வம் இல்லைன்னா எழுதினீங்க? படிப்படியா உக்காந்து உக்காந்து ஏறினதுல அவரு பேன்ட்டு பின்னால நூல் நூலா தேஞ்சு போச்சு அக்கா. நான்தான் ஒட்டுப் போட்டேன். அந்த ஒட்டுக்கு என்ன பேரு எழுதுவீங்க உங்க கட்டத்துல?"

உச்சிக்காரர் கையமர்த்தினார். பிறகு சொன்னார்: "காலு போனது போனதுதான் டாக்டரம்மா. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா அந்த வார்த்தைய மட்டும் மாத்திடுங்க. உச்சிக்கு ஆள் வேணும்னா நான்தான் முன்னால போவேன். என்னை யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல."

மாற்றப் புறப்பட்டேன். வாயிற்காவலரிடமிருந்த லிஃப்ட் பதிவேட்டை நகலெடுத்தேன். ஒன்பது பேர் விலகிய தேதிகளைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பதும் அந்த ஐந்து வாரத்துக்குள். அதற்கு முன்னால் ஒருவருமில்லை, பின்னால் ஒருவருமில்லை. எங்கள் புள்ளியியல் அலுவலரைக் கொண்டு, அந்த ஒன்பது பேரின் நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பலகையின் மேன்மை பாதிக்கும் கீழே சுருங்கியது. துறைத் தலைவரிடம் கொடுத்தேன். "பரிசுக்குப் பேர் போயிருக்கிற நேரத்துல இது தேவையாம்மா?" என்றார். கட்டுரை வெளியிட்ட இதழுக்கு எழுதினேன். அவர்கள் நிறுவனத்தைக் கேட்டார்கள். நிறுவனம் மூவர் குழுவை அமைத்தது. குழு அளித்த முடிவு என்னிடம் இருக்கிறது. கடைசி வரியை மட்டும் படிக்கிறேன்.

'மற்ற இருபத்தேழு பேர் அதே படிகளில் ஏறி வந்துள்ளனர். எனவே ஆர்வமுள்ளவர் வந்திருப்பார் என்றே கொள்ள வேண்டியுள்ளது.'

இதை எழுதிய மூவரும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன. கவனித்தீர்களா, இந்தக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நமக்கு இதைவிடப் பெரிய அரங்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் தரைத்தளத்தில், நெருக்கியடித்துக்கொண்டு, இந்தச் சிறிய அரங்கில் விழா? சிறப்பு விருந்தினருக்கு முழங்கால் வலி. படியேற்றிச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விழாக்குழு ஒரே நாளில் முடிவெடுத்தது. நல்ல முடிவு, விருந்தினர் அவர்களே. உங்களைக் குறைசொல்லவில்லை. யாரும் உங்களை ஆர்வமில்லாதவர் என்று எழுதவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. 'முடிக்கவும்.' முடித்துவிடுகிறேன்.

ஒன்பது படிவங்களும் இத்தனை நாளும் என் பொறுப்பில்தான் இருந்தன. இன்று காலை ஒவ்வொன்றையும் எடுத்தேன். ஆர்வமின்மை என்ற கட்டத்தில் நான் இட்ட குறியை ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். அடித்த குறி கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ஆராய்ச்சி ஆவணத்தைத் திருத்தும் முறை அதுதான் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே எங்கள் துறைத் தலைவர்தான். 'லிஃப்ட் ஐந்து வாரம் இயங்கவில்லை. மாடி ஏற இயலவில்லை. நாங்கள் மாற்று ஏற்பாடு செய்யவில்லை' என்று ஒன்பது முறை எழுதினேன். நகல்களை, இந்த நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன். ஆவணத்தில் கைவைத்தாள் என்று என்மேல் நடவடிக்கை வரலாம். ஓய்வுக்கான உத்தரவு நிறுத்தப்படலாம். முதல்முறை அதே ஆவணத்தில் பொய்யை எழுதினேனே, அன்று யாராவது ஒரு கேள்வி கேட்டீர்களா?

அனுப்புவதற்கு முன்னால் உச்சிக்காரருக்குத் தொலைபேசி செய்து, எழுதியதைப் படித்துக்காட்டினேன். இப்போது வீட்டுக்குள் மட்டும், நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார். கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன்.

"எத்தனை படின்னு எழுதினீங்களா?"

"இல்லையே. எனக்குத் தெரியாதே."

"அறுபத்தாறு. எழுதிக்குங்க. ரெண்டு தடவையும் எண்ணிக்கிட்டேதான் ஏறினேன். முதல் நாள் அறுபத்தாறு. ரெண்டாவது நாள் நாப்பத்திரெண்டு."

முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவள் நான். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன், பெரியோர்களே. அறுபத்தாறு, நாற்பத்திரண்டு. அவர் படிவத்தில் இருக்கிறது.

இடையில் எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கு நன்றி. எழுந்து போனவர்களுக்கும் நன்றி. நடந்து போகக் கால் இருந்தது, போனார்கள். பொறுமையோடு மணியை அழுத்தாமல் வைத்திருந்த தலைவர் அவர்களுக்குத் தனி நன்றி. எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி இறங்குகிறேன்.